டைப் சி ஹப் வாங்கி அஞ்சு மாசம் ஆச்சு, குடியாத்தம் ஸ்டுடியோல இருந்து எழுதறேன்

முதல்லயே சொல்லிடறேன், இந்த ஹப் (லேப்டாப்போட ஒரு டைப் சி ஓட்டைல சொருகி, அதை பல ஓட்டையா பிரிச்சுக்கற சாமான்) நல்லா இருக்கு, வாங்கலாம். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி உங்க லேப்டாப்போட ரெண்டு பக்கத்தையும் ஒரு தபா திருப்பி நல்லா பாத்துடுங்க, அதுக்குத்தான் இவ்ளோ பெருசா எழுதறேன். பிராண்ட் பேர் போடல. ஏன்னா இதே சாம்பல் கலர் அலுமினிய பாடி, இதே ஓட்டை வரிசை, நாலஞ்சு பேர்ல மார்க்கெட்ல கிடைக்குது, மேல அடிச்சிருக்கற பேரு மட்டும்தான் வேற. அதனால பேரை விட டப்பா பின்னாடி பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிக்கறதுதான் முக்கியம். நான் வாங்குனது ஏழு போர்ட் உள்ளது, ஒரு எச்டிஎம்ஐ, ரெண்டு பழைய மாடல் யூஎஸ்பி (அகலமா இருக்குமே, டைப் ஏ), ஒரு லேன் (இன்டர்நெட் ஒயர் சொருகறது), ஒரு எஸ்டி கார்டு, ஒரு மைக்ரோ எஸ்டி, அப்புறம் சார்ஜர் சொருக ஒரு டைப் சி. விலை 2,400 ரூபாய்.

நான் கல்யாண போட்டோ வீடியோ எடுக்கறவன். பழைய லேப்டாப் எட்டு வருஷம் ஓடுச்சு, அதுல விஜிஏ, எச்டிஎம்ஐ, லேன், கார்டு ஸ்லாட், மூணு யூஎஸ்பி எல்லாமே இருந்துச்சு, அதனால போர்ட்டுன்னு ஒண்ணை பத்தி யோசிக்கவே வேண்டிய அவசியம் வரல. போன தீபாவளிக்கு புதுசு வாங்கும்போது பிராசஸர் பாத்தேன், ரேம் பாத்தேன், டிஸ்பிளேல கலர் எப்படி வருதுன்னு அரை மணி நேரம் பாத்தேன், சைடுல என்ன ஓட்டை இருக்குன்னு பாக்கவே இல்ல. வீட்டுக்கு வந்து பாத்தா இடது பக்கம் ரெண்டு டைப் சி, வலது பக்கம் ஒரே ஒரு டைப் ஏ, ஹெட்போன் ஓட்டை, அவ்ளோதான். கேமரா கார்டு போட இடம் கிடையாது, டிவில மாட்ட எச்டிஎம்ஐ கிடையாது. சரின்னு ஆன்லைன்ல 700 ரூபாய்க்கு ஒரு சின்ன ஹப் வாங்குனேன், வீட்ல டிவில போட்டு பாத்தேன், படம் வந்துச்சு, நிம்மதியா விட்டுட்டேன்.

தை மாசம் இங்க ஊர்லயே ஒரு ரிசப்ஷன். மேடை பின்னாடி எல்ஈடி வால் வச்சிருந்தாங்க, பொண்ணு மாப்பிள்ளை சின்ன வயசு போட்டோ எல்லாம் சேத்து ஒரு ஏழு நிமிஷ வீடியோ நான் ரெடி பண்ணியிருந்தேன், அதுல பொண்ணோட தாத்தா, அவரு இறந்து பல வருஷம் ஆச்சு, அவரோட கல்யாண போட்டோ ஒண்ணை பாட்டி டிரங்கு பெட்டில இருந்து எடுத்து குடுத்தாங்க, ஓரம் எல்லாம் அரிச்சு போயிருந்ததை ஸ்கேன் பண்ணி ரெண்டு ராத்திரி உக்காந்து சரி பண்ணேன். மண்டபத்துல லேப்டாப்பை தொறந்தா பேட்டரி 12 சதவீதம். சார்ஜரை எப்பவும் போல முதல் டைப் சி-ல சொருகிட்டு, ஹப்பை பக்கத்துல இருக்கற ரெண்டாவது டைப் சி-ல சொருகுனேன். எல்ஈடி வால் கருப்பு. கேபிளை மாத்துனேன், கருப்பு. ரீஸ்டார்ட் பண்ணேன், கருப்பு. பொண்ணோட மாமா பின்னாடி வந்து நின்னுக்கினு, "இன்னாப்பா, படம் வருமா வராதா?"ன்னு கேக்கறாரு. எல்ஈடிக்காரர் தம்பி ஒருத்தர், நல்ல மனுஷன், "அண்ணே, பென்டிரைவ்ல குடுங்க, என் லேப்டாப்ல போட்டுடலாம்"னு சொன்னாரு. அதெல்லாம் காப்பி ஆகி ஓடறதுக்குள்ள இருபது நிமிஷம் போச்சு. பாட்டியை பந்திக்கு கூட்டிக்கினு போயிட்டாங்க. அவங்க பாக்கல. அது எனக்கு ரொம்ப நாள் மனசுல உறுத்திக்கினே இருந்துச்சு, காசு வாங்கும்போது கூட.

அடுத்த திங்கக்கிழமை லேப்டாப், ஹப் ரெண்டையும் எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வேலூர் போனேன். பழைய பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நடக்கற தூரத்துல மாடில ஒரு சின்ன சர்வீஸ் கடை, பாய் ஒருத்தர் வச்சிருக்காரு, என் பிரிண்டரை ரெண்டு தடவை சரி பண்ணி குடுத்தவர். ஹப் கெட்டுப்போச்சு பாய்னு சொன்னேன். அவரு ஹப்பை கையில வாங்கவே இல்ல. லேப்டாப்பை வாங்கி இடது பக்கத்தை மேல பாத்த மாதிரி திருப்பி, போன் டார்ச் அடிச்சு, லென்ஸை என் கையில குடுத்தாரு. "ரெண்டு ஓட்டைக்கும் பக்கத்துல இன்னா போட்டுக்குது, படி"ன்னாரு.

முதல் ஓட்டை பக்கத்துல ஒரு சின்ன பேட்டரி மாதிரி குறி, அதுக்கு பக்கத்துல ஆங்கில டி-க்குள்ள பி பின்னிக்கிட்ட மாதிரி ஒண்ணு. ரெண்டாவது ஓட்டை பக்கத்துல சூலம் மாதிரி யூஎஸ்பி குறி மட்டும், முன்னாடி ரெண்டு எஸ். கருப்பு பாடில கருப்பு கலந்த சாம்பல்ல அச்சு போட்டிருக்காங்க, மூணு மாசமா அந்த லேப்டாப்பை தொட்டுக்கிட்டு இருக்கேன், ஒரு நாளும் கண்ணுல படல.

பாய் சொன்னதை அப்படியே எழுதறேன். "தம்பி, ஒரே மாதிரி ரெண்டு கதவு கீது, ஒண்ணு நடுவூட்டுக்கு போவுது, இன்னொண்ணு சாமான் ரூமுக்கு போவுது. கதவை பாத்துட்டு உள்ள இன்னா கீதுன்னு சொல்ல முடியுமா? டைப் சி-ன்றது கதவு. அவ்ளோதான்."

இதுதான் விஷயம். டைப் சி-ன்றது ஓட்டையோட வடிவத்துக்கு பேரு, 2014-ல வந்தது. உள்ள போற வேலைக்கு பேரு அது இல்ல. அந்த ஓட்டைக்குள்ள வெறும் டேட்டா மட்டும் போகலாம், டேட்டா கூட சார்ஜும் போகலாம், அது கூட படமும் போகலாம், தண்டர்போல்ட்டும் (இது எல்லாத்தையும் ரொம்ப வேகமா அனுப்பற முறை) போகலாம், கம்பெனி என்ன வயர் இழுத்து விட்டிருக்கோ அதுதான். டி-பி குறி, அதாவது டிஸ்பிளேபோர்ட், இருந்தா அந்த ஓட்டைல டிஸ்பிளே வரும். மின்னல் மாதிரி அம்பு இருந்தா தண்டர்போல்ட், அதுல எல்லாமே வரும், தண்டர்போல்ட் 3, 4 ரெண்டும் 40 ஜிபிபிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஜிகாபிட் போகுதுன்ற வேகக்கணக்கு). வெறும் சூலம் இருந்தா பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க், அவ்ளோதான்னு வச்சுக்கோங்க. சில லேப்டாப்ல குறியே போட மாட்டாங்க, அப்ப மாடல் நம்பர் போட்டு கம்பெனி சைட்ல ஸ்பெசிபிகேஷன் பக்கத்துல போர்ட்ஸ்னு இருக்கறதை படிங்க, அதுல "டிஸ்பிளேபோர்ட்" (படத்துக்கு), "பவர் டெலிவரி" (சார்ஜுக்கு)ன்ற ரெண்டு வார்த்தை இருக்கான்னு மட்டும் தேடுங்க, போதும்.

என் லேப்டாப்ல முதல் ஓட்டைல சார்ஜ், படம், டேட்டா மூணும் வரும், ரெண்டாவதுல டேட்டா மட்டும். பழைய 700 ரூபாய் ஹப்ல சார்ஜர் சொருகற ஓட்டை கிடையாது. ஆக சார்ஜரும் ஹப்பும் ஒரே ஓட்டைக்கு போட்டி போடுதுங்க, வீட்ல சார்ஜர் இல்லாம டெஸ்ட் பண்ணதால தெரியல, மண்டபத்துல மாட்டிக்கிச்சு. ஹப் மேல தப்பே இல்ல. அதனாலதான் பாய் சார்ஜர் ஓட்டை இருக்கற இந்த ஹப்பை எடுத்து குடுத்தாரு, முதல் ஓட்டைல ஹப், ஹப்புக்குள்ள சார்ஜர், முடிஞ்சுது.

இன்னொண்ணும் பண்ணாரு. முதல் ஓட்டைல கேபிள் கொஞ்சம் லூசா இருக்குன்னு சொன்னேன், லேப்டாப்பை முழுசா ஆஃப் பண்ண சொல்லிட்டு, மர பல்குச்சியோட நுனியை சீவி, உள்ள விட்டு ஓரமா மெதுவா இழுத்தாரு, ஒரு சின்ன பஞ்சு உருண்டை வந்துச்சு, பை துணில இருந்து போனது. அதுக்கப்புறம் கேபிள் டக்குனு உக்காந்துச்சு. டைப் சி ஓட்டை நடுவுல நாக்கு மாதிரி ஒரு தகடு இருக்கும், மேல 12 கீழ 12 மொத்தம் 24 தொடுமுனை, அதனாலதான் எப்படி திருப்பி சொருகினாலும் வேலை செய்யுது. அந்த நாக்கு வளைஞ்சா போர்டு மாத்தற அளவுக்கு செலவு வைக்கும், தயவு செஞ்சு ஊக்கு, குண்டூசி எதையும் உள்ள விடாதீங்க.

சரி, இப்ப ஹப் எப்படி ஓடுதுன்னு சொல்றேன்.

எச்டிஎம்ஐ பத்தி. டப்பால 4கே 30 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு, அதாவது 4கே படத்தை வினாடிக்கு 30 தடவை புதுப்பிக்கும். 60 போட்ட ஹப் விலை கூட. நமக்கு 30 போதுமான்னா, மண்டப எல்ஈடி வால், புரொஜெக்டர் எல்லாம் பெரும்பாலும் ஃபுல் எச்டிதான் கேக்கும், ஃபுல் எச்டில இது 60-ல நல்லா போகுது, அதனால வெளி வேலைக்கு தாராளமா போதும். ஆனா 4கே மானிட்டர் போட்டு நாள் முழுக்க எடிட் பண்றவங்க 60 ஹெர்ட்ஸ் வாங்குங்க, 30-ல மவுஸ் அம்பு விட்டு விட்டு நகரும், ரெண்டு மணி நேரத்துல கண்ணு வலிக்கும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. டைப் சி-குள்ள வேகமா போற பாதை நாலு. அதுல ரெண்டை படத்துக்கும் ரெண்டை டேட்டாவுக்கும் பிரிச்சா ரெண்டும் நடக்கும், நாலையும் படத்துக்கு குடுத்துட்டா டேட்டா பழைய யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கிடும். லேப்டாப்ல டிஸ்பிளேபோர்ட் 1.4 இருந்து ஹப்பும் அதை சப்போர்ட் பண்ணா ரெண்டு பாதைலயே 4கே 60 போயிடும், லேப்டாப் 1.2-ஆ இருந்தா 60 வேணும்னா டேட்டா வேகத்தை விட்டு குடுக்கணும். அதனால 60 ஹெர்ட்ஸ்னு ஆசைப்பட்டு வாங்கிட்டு ஹார்ட் டிஸ்க் ஏன் ஆமை மாதிரி போகுதுன்னு ஹப்பை திட்டாதீங்க.

ஆல்பம் குடுக்க அந்த பொண்ணு வீட்டுக்கு போனப்ப இந்த ஹப்பை எடுத்துக்கிட்டு போனேன். அவங்க வீட்டு டிவில மாட்டி பாட்டியை சோபால உக்கார வச்சு அந்த ஏழு நிமிஷத்தையும் போட்டேன். தாத்தா போட்டோ வந்தப்ப, "நிறுத்து கண்ணு, நிறுத்து"ன்னாங்க. நிறுத்தி வச்சேன். எழுந்து போய் டிவி பக்கத்துல நின்னு அவரு சட்டை காலரை விரலால தொட்டு, "இந்த சட்டை ஆம்பூர்ல தச்சது"ன்னாங்க. ஹப் அன்னைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல சார்ஜரோட ஓடுச்சு, ஒரு தடவை கூட படம் போகல.

பழைய மண்டபத்துல எல்லாம் இன்னும் விஜிஏ புரொஜெக்டர் இருக்கு, பேரணாம்பட்டு பக்கம் ரெண்டு இடத்துல பாத்தேன். நீல கலர்ல ரெண்டு ஸ்குரூ வச்சு, மூணு வரிசைல 15 ஊசி இருக்கும், 1987-ல வந்த சாமான். அதுல படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது. இந்த ஹப்ல விஜிஏ இல்ல, எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்ட்டர் தனியா பைல போட்டுக்கறேன், சத்தத்துக்கு லேப்டாப்போட ஹெட்போன் ஓட்டைல இருந்து மைக்செட்காரருக்கு ஒரு ஒயர் குடுக்கறேன்.

எஸ்டி கார்டு ஸ்லாட்தான் எனக்கு தினமும் வேலை. கார்டுல ரோமன் ஒண்ணு போட்டிருந்தா யூஎச்எஸ் 1, பின்னாடி ஒரு வரிசை தொடுமுனை, உச்சமா வினாடிக்கு 104 எம்பி வரை போகும். ரோமன் ரெண்டு போட்டிருந்தா பின்னாடி ரெண்டு வரிசை, 312 வரை போகும். இந்த ஹப்ல இருக்கறது ஒரு வரிசை ஸ்லாட்தான், அதனால நீங்க விலை கூட குடுத்து ரெண்டு வரிசை கார்டு வாங்கி போட்டாலும் இதுல ஒரு வரிசை வேகம்தான் வரும். எனக்கு 90 பக்கம் வருது, 64 ஜிபி கார்டு காலியாக பன்னெண்டு நிமிஷம். பழைய ஹப்ல யூஎஸ்பி 2.0 தான், 35 பக்கம்தான் வரும், அரை மணி நேரம் ஆகும். முகூர்த்தம் முடிஞ்சு ரிசப்ஷனுக்குள்ள நாலு கார்டு காலி பண்ணணும்னா அந்த வித்தியாசம் சோறு சாப்பிடறதா வேணாமான்ற அளவுக்கு பெருசு. ஒரு குறை, எஸ்டியும் மைக்ரோ எஸ்டியும் ஒரே நேரத்துல போட்டா ஒண்ணுதான் தெரியுது. ட்ரோன் கார்டை தனியா ரெண்டாவதா போடறேன்.

டைப் ஏ ரெண்டும் உள்ள நாக்கு நீல கலர், 5 ஜிபிபிஎஸ். 2008-ல யூஎஸ்பி 3.0ன்னு வந்ததைத்தான் அப்புறம் 3.1 ஜென் 1ன்னு மாத்தி, அப்புறம் 3.2 ஜென் 1ன்னு மாத்தி வச்சிருக்காங்க, மூணும் ஒரே வேகம்தான், டப்பால 3.2ன்னு பெருசா போட்டிருந்தா ஏமாறாதீங்க, பக்கத்துல எத்தனை ஜிபிபிஎஸ்னு மட்டும் பாருங்க. இந்த இடத்துல கேபிள் பத்தியும் சொல்லணும். போன் கூட வர்ற டைப் சி கேபிள்ல நிறைய சார்ஜுக்கானது, உள்ள யூஎஸ்பி 2.0 கம்பிதான் இருக்கும், ரெண்டு முனையும் பாக்க அச்சு அசலா எஸ்எஸ்டி (வேகமான ஹார்ட் டிஸ்க் மாதிரி சாமான்) கேபிள் மாதிரியே இருக்கும். ஒரு நாள் அந்த கேபிள்ல எஸ்எஸ்டியை மாட்டி 250 ஜிபி காப்பி போட்டேன், ரெண்டு மணி நேரம் காட்டுச்சு. எஸ்எஸ்டி டப்பால வந்த கேபிளை தேடி எடுத்து மாட்டுனா பத்து பன்னெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. அன்னைல இருந்து இந்த எஸ்எஸ்டி கேபிள்ல சிவப்பு நூல் கட்டி வச்சிருக்கேன், ஸ்டுடியோல யாரும் அதை போன் சார்ஜுக்கு தொடக்கூடாது.

ஒயர்லெஸ் மவுஸ் வச்சிருக்கறவங்க இதை கவனிங்க. மவுஸ் டாங்கிளை (மவுஸோட வர்ற சின்ன ரிசீவர்) ஹப்ல சொருகி, பக்கத்து ஓட்டைல எஸ்எஸ்டி போட்டா மவுஸ் இழுத்து இழுத்து போகுது. பேட்டரின்னு நெனச்சு மூணு தடவை மாத்துனேன். விஷயம் என்னன்னா யூஎஸ்பி 3 ஓடும்போது வர்ற இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்துலயும் பரவும், மவுஸ் டாங்கிளும் அதே 2.4-லதான் பேசுது, இதை பத்தி 2012-லயே இண்டெல் கம்பெனி ஒரு கட்டுரை போட்டிருக்கு. டாங்கிளை லேப்டாப்போட வலது பக்கம் இருக்கற ஓட்டைல மாத்தி சொருகுனேன், சரியாச்சு.

லேன் ஜிகாபிட். என் ஸ்டுடியோ பிளான் 100 எம்பிபிஎஸ்தான், அதுக்கு மேல வராது, ஆனா ஆல்பம் ஃபைல் பிரஸ்ஸுக்கு ஏத்தும்போது வைஃபை மாதிரி நடுவுல அறுந்து போகாம ஒரே சீரா போகுது. அது போதும்.

சார்ஜ் விஷயத்துல கொஞ்சம் கணக்கு இருக்கு. டப்பால 100 வாட்னு போட்டிருக்கும், அது ஹப்புக்குள்ள வர்றது. ஹப் தன் செலவுக்கு 15 வாட் பக்கம் பிடிச்சுக்கிட்டு மீதியைத்தான் லேப்டாப்புக்கு விடுது. என் சார்ஜர் 65 வாட், ஆக லேப்டாப்புக்கு 50 தான் போகுது, ஸ்லோ சார்ஜர்னு மெசேஜ் வருது. பில்லிங், ஆல்பம் டிசைன்னா தாங்குது, வீடியோ ரெண்டர் போட்டா சார்ஜ்ல இருக்கும்போதே பேட்டரி மெதுவா இறங்குது. அப்புறம் 100 வாட் சார்ஜர் வாங்குனேன், கூடவே 100 வாட் கேபிளும் வாங்கணும், சாதா டைப் சி கேபிள் 3 ஆம்பியர், 60 வாட் வரைக்கும்தான், அதுக்கு மேல போகணும்னா கேபிள் முனைக்குள்ள ஒரு சின்ன சிப் இருக்கணும், அது இருக்கற கேபிள்லதான் 5 ஆம்பியர் விடும். இப்ப மெசேஜ் வர்றதில்ல.

இந்த ஹப்ல எனக்கு பிடிக்காத பெரிய விஷயம் ஒண்ணு. ஹார்ட் டிஸ்க்ல காப்பி ஓடிக்கிட்டு இருக்கும்போது ஹப்ல சார்ஜரை சொருகுனாலோ புடுங்குனாலோ ஒரு வினாடி எல்லாமே கட் ஆகி திரும்ப வருது. ஒரு வினாடிதானேன்னு விட முடியாது, காப்பி பாதில நின்னுடும், நேரம் சரியில்லன்னா ஃபைல் கெட்டுடும். நம்ம ஊர்ல கரண்ட் போய் வந்தாலும் அதே கதைதான், போன மாசம் ரெண்டு தடவை ஆச்சு, கார்டை ஃபார்மேட் பண்ணாம வச்சிருந்ததால தப்பிச்சேன். இப்ப ஸ்டுடியோல சார்ஜரை யூபிஎஸ்ல போட்டிருக்கேன், காப்பி முடியற வரைக்கும் அந்த ஒயரை யாரும் தொடக்கூடாதுன்னு பையன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். விசாரிச்ச வரைக்கும் இந்த விலைல வர்ற நிறைய ஹப் இப்படித்தானாம், அதனால எந்த ஹப் வச்சிருந்தாலும் காலி கார்டுல ஒரு தடவை டெஸ்ட் பண்ணி பாத்துடுங்க.

சூடு. வைகாசி 1-ந்தேதி எங்க கெங்கையம்மன் சிரசு திருவிழா, கத்தரி வெயில் நடுவுல வரும், ஆத்தோரம் ஜனம் கடல் மாதிரி நிக்கும். காலைல இருந்து எடுத்த கார்டை எல்லாம் கோவில் பக்கத்துல ஒரு தகர ஷெட்ல உக்காந்து காலி பண்ணேன், ஹப் மேல கை வைக்க முடியல, அவ்ளோ சூடு. ஆனா நிக்கல, வேகமும் குறையல. அலுமினிய பாடின்றதால சூடு வெளிய வந்துடுது, அதனால பயப்பட வேணாம், லேப்டாப்புக்கு கீழயோ துணி மேலயோ மட்டும் வைக்காதீங்க. பிளாஸ்டிக் பாடி ஹப் இந்த வெயிலுக்கு நான் வாங்க மாட்டேன்.

கேபிள் ஒரு சாண் நீளம்தான், லேப்டாப்பை ஸ்டாண்ட்ல வச்சா ஹப் அந்தரத்துல தொங்குது, எச்டிஎம்ஐ கேபிள் கனத்துல கீழ இழுத்து லேப்டாப் ஓட்டைக்கு பாரம் ஏறுது. டைப் சி ஓட்டையை 10,000 தடவை சொருகி எடுக்கற மாதிரி வடிவமைச்சிருக்காங்கன்னாலும் அது நேரா சொருகறதுக்குத்தான், பக்கவாட்டுல இழுக்கறதுக்கு இல்ல. ஸ்டாண்ட் கால்ல ஹப்பை வெல்க்ரோ போட்டு ஒட்டிட்டேன்.

என் தங்கச்சி வேலூர்ல ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கா, அவளுக்கும் இதே பிரச்சனை, ஆபீஸ்ல குடுத்த புது லேப்டாப்ல டைப் சி மட்டும்தான், கம்பெனி ரிட்டர்ன்ல கையெழுத்து போடற டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கற, பென்டிரைவ் மாதிரி சாமான்) பெரும்பாலும் இன்னும் அகலமான டைப் ஏ-லதான் வருது. இந்த ஹப்பை ரெண்டு நாள் வாங்கிட்டு போய் பாத்தா, டோக்கன் எடுத்துக்குது, ஹப்புக்குன்னு தனியா டிரைவர் கேக்கல, ஹப்ல போட்டாலும் லேப்டாப்ல நேரா போட்ட மாதிரியே வேலை செய்யுது. டோக்கன் மட்டும்தான் வேணும்னா இவ்ளோ பெரிய ஹப் தேவையில்ல, டைப் சி-ல இருந்து டைப் ஏ-க்கு மாத்தற சின்ன கன்வெர்ட்டர் சல்லிசா கிடைக்குது, அது போதும்னு சொன்னேன். அதுக்கு அவ, "அண்ணா, எனக்கு ரெண்டு ஸ்கிரீனும் வேணும், ஒண்ணுல டாலி கணக்கு, ஒண்ணுல ரிட்டர்ன் போர்ட்டல்"னா. மாசா மாசம் 20-ந்தேதி கிட்ட ரிட்டர்ன் போடற நேரம் வந்தா ஹப் அவகிட்ட போயிடுது, எனக்கும் முகூர்த்தம் அதே நாள்ல வந்துடுது. அதனால அடுத்த வாரம் பாய் கடைக்கு போய் இன்னொண்ணு இதே மாடல் வாங்கறேன், அவ லேப்டாப்பையும் எடுத்துட்டு வர சொல்லியிருக்கேன், அதுல எந்த ஓட்டைல டி-பி குறி இருக்குன்னு கடைல வச்சே பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும்.